வீடும் எழுத்தும்: ஈழத்துத் தமிழரிடையே குழந்தை எழுத்தறிவின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

குழந்தை பாடசாலைக்குச் செல்வதற்கு முன்னரே அதன் எழுத்தறிவு வீட்டில் தொடங்கிவிடுகின்றது என்பது இன்று கல்வியியலாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். இதனை அடியொற்றிப் பெற்றோருக்குப் பல ஆலோசனைகள் வழங்கப்படுகின்றன. நாள்தோறும் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுதல், வீட்டில் வாசிப்புக்கென ஓரிடம் ஒதுக்குதல், தாளும் வண்ணக்கோல்களும் வாங்கிக் கொடுத்தல் என்பன அவற்றுட் சில. இவ்வாலோசனைகள் தம்மளவிற் பிழையானவையல்ல. ஆயின் இவை யாவும் ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை மனத்திற் கொண்டே பேசுகின்றன. வாசிக்கத் தெரிந்த தாய், மாலையில் ஓய்வுள்ள தந்தை, போதிய வெளிச்சம், மேசை, விலை கொடுத்து வாங்கிய புத்தகம் ஆகியன ஒருங்கே அமைந்த வீடு அது. அத்தகைய வீடு எமது சமூகத்தில் எப்போது தோன்றியது, எவர்க்குக் கிட்டியது, எவர்க்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பாது பெற்றோரின் கடமை பற்றிப் பேசுவோமாயின், வரலாறு உண்டாக்கிய ஏற்றத்தாழ்வினைத் தனிமனிதரின் அசட்டையாகக் காட்டும் தவறுக்கு ஆளாவோம்.

இக்கட்டுரையில் ஈழத்துத் தமிழ்பேசும் மக்களிடையே வீட்டுக்கும் எழுத்துக்கும் இருந்துவந்த உறவினைச் சுருக்கமாக நோக்க முனைகின்றோம். அதனூடாக, எழுத்தறிவற்றது எனக் கருதப்படும் வீட்டிலும் எழுத்தறிவுக்கான அடித்தளம் உண்டு என்பதையும், அவ்வடித்தளத்தின் மீது கட்டியெழுப்பும் பொறுப்பு பெற்றோரை மட்டும் சார்ந்ததன்று என்பதையும் எடுத்துக்காட்டலாம் எனக் கருதுகின்றோம்.

1

அச்சு வருவதற்கு முற்பட்ட எமது சமூகத்தில் எழுத்து ஒரு தொழிற்கருவியாக இருந்தது. கணக்கு, காணியுறுதி, சோதிடம், வைத்தியம், புராணம் ஆகியவற்றைக் கையாண்ட குடும்பங்களிலேயே ஏடு இருந்தது. ஏட்டை உடைய வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து ஒரு குடும்பச் சொத்தாகவே வந்து சேர்ந்தது. விசயதசமி நாளில் ஏடு தொடக்குஞ் சடங்கினை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். தட்டிற் பரப்பிய அரிசியில், தந்தையோ மாமனோ ஆசிரியரோ பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பர். குழந்தை எழுத்தறிவுக்குள் நுழைவதைக் குடும்பம் முழுவதும் கூடிநின்று கொண்டாடும் இச்சடங்கு, எழுத்துக்கு இருந்த சமூக மதிப்பினைப் புலப்படுத்துகின்றது. அச்சடங்கு நிகழாத வீடுகள் எத்தனை என்ற கணக்கையும் நாம் இதனுடன் சேர்த்தே நினைவுகொள்ளல் வேண்டும்.

ஏடு தொடக்கிய பிள்ளை அடுத்துச் சென்றது திண்ணைப் பள்ளிக்கூடத்துக்காகும். அங்கு மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே எழுத்தாணி கைக்கு வந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்பன மனனஞ் செய்யப்பட்டன. இம்முறையினைப் பொருளுணராத மனனம் என முற்றாக ஒதுக்கிவிடுவது இன்று வழக்கமாயினும், அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நெடுங்கணக்கின் ஒழுங்கில் அமைந்தவை. அவற்றைக் கேட்டு ஒப்புவிக்கும் பிள்ளை, எழுத்தைக் கண்ணாற் காணுமுன்னரே அதன் ஒலிவரிசையைக் காதாற் பெற்றுவிடுகின்றது. சொல்லின் முதலொலியைப் பிரித்துணரும் ஆற்றல் வாசிப்புக்கு இன்றியமையாதது என இக்கால ஆய்வாளர் கூறுவதை எமது முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர் எனலாம். சென்னையில் 1789ஆம் ஆண்டளவில் அநாதைச் சிறுவர் பாடசாலையொன்றை நடத்திய அன்றூ பெல், மணலில் எழுதும் முறையையும் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டு, பின்னர் அதனை இங்கிலாந்திற் பரப்பினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இருப்பினும், திண்ணைப் பள்ளியின் வாசல் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. நிலத்தில் உழைத்தோர், மரமேறியோர், துணி வெளுத்தோர், சிகை திருத்தியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும், மிகச் சில வீடுகள் நீங்கலாகப் பெண்பிள்ளைகளுக்கும் அது மூடியே இருந்தது. உற்பத்தியிலும் நிலவுடைமையிலும் நிலவிய சாதிய உறவே எழுத்துடைமையிலும் பிரதிபலித்தது.

2

இந்நிலையில் முதல் உடைவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்டது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். உடுவிலுக்குப் பெண்பிள்ளைகளை அனுப்புவதற்குப் பெற்றோர் முதலில் தயங்கினர். உணவும் உடையும் அளித்தும், கல்வியை முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் வழங்கியுமே மிசனரிமார் அத்தயக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது. மதமாற்றமே அவர்களின் முதன்மை நோக்கமாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் நோக்கம் ஒன்றாகவும் விளைவு அதனினும் விரிந்ததாகவும் அமைதல் வரலாற்றில் புதிதன்று. செமினரியிற் பயின்ற இளைஞரும் உடுவிலிற் பயின்ற பெண்களும் மணஞ்செய்து அமைத்த வீடுகளில், தாயும் தந்தையும் ஒருங்கே வாசிக்கத் தெரிந்த குடும்பம் என்பது ஒரு சமூக வகையாக எமது மண்ணில் உருவாகியது. 1841இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' போன்ற அச்சிதழ்கள் வீட்டுக்குள் நுழைவதற்கும் இத்தகைய குடும்பங்களே வழிசெய்தன.

இதற்கான சைவ எதிர்வினை ஆறுமுக நாவலரிடம் (1822-1879) தெளிவான உருப்பெற்றது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், மிசனரிமாரின் கருவிகளான பாடசாலையையும் அச்சியந்திரத்தையும் உரைநடையையும் தமதாக்கிக் கொண்டார். அவர் எழுதிய பாலபாட நூல்கள், எளிய நிலையிற் தொடங்கிப் படிப்படியாக உயரும் உரைநடை வாசிப்பு நூல்களாகும். செய்யுளை மனனஞ் செய்து, பொருளைப் பின்னர் பெறும் பழைய முறையிலிருந்து, பொருளுணர்ந்து உரைநடையை வாசிக்கும் முறைக்கு எமது சிறுவர் கல்வி மாறிய திருப்பத்தில் பாலபாடம் நிற்கின்றது. அச்சிற் பெருகிய அந்நூல் ஆசிரியர் இல்லாத வேளையிலும் வீட்டிற் கிடந்தது. தம்பி தங்கையரும் எடுத்துப் பார்க்கக் கூடியதாயிருந்தது. எனினும் நாவலரின் கல்வித் திட்டம் உயர்சாதிச் சைவ சமூகத்தின் எல்லைகளைக் கடக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிரித்தானிய நிருவாகத்தின் எழுதுவினைஞர் உத்தியோகமும், பின்னர் மலாயாவரை விரிந்த வேலைவாய்ப்பும் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்துக்குக் கல்வியை ஒரு முதலீடாக்கின. வரண்ட நிலமும் சிறுதோட்டப் பயிர்ச்செய்கையும் போதிய வருவாய் தராத சூழலில், படிப்பே காணியாகியது. விளக்கடியிற் பிள்ளைகளை இருத்தி, உரத்து வாசிக்கச் செய்து, தாய் அடுக்களையிலிருந்தே பிழை திருத்தும் வீடு இவ்வாறுதான் தோன்றியது. இதனை யாழ்ப்பாணத்தவரின் இயல்பான கல்வி நாட்டம் எனப் புகழ்வோர், அந்நாட்டத்தின் பொருளாதாரக் காரணத்தையும், அது யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் கூறுவதில்லை.

3

வெளியே நிறுத்தப்பட்டோரின் வரலாறு தனியாக எழுதப்பட வேண்டியது. 1929-1930 காலப்பகுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் அளிக்கப்படல் வேண்டும் என அரசாங்கம் பணித்தபோது, யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது; பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. வாங்கில் அமர்வதே போராட்டமாக இருந்த ஒரு பிள்ளையின் வீட்டில், புத்தகம் ஏன் இல்லை எனக் கேட்பது எத்துணைப் பொருத்தமற்றது! சாதி இழிவுரையாற் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, சிகையலங்கார நிலையத்தில் உழைத்தவாறே வாசித்து வளர்ந்த டொமினிக் ஜீவா, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார் என்பதும், அவரின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது என்பதும், மறுக்கப்பட்டது ஆற்றல் அன்று, வாய்ப்பே என்பதற்குச் சான்றாகும். ஆயின் ஒரு ஜீவாவைக் காட்டி, முயன்றால் எவரும் வெல்லலாம் எனக் கூறுவதும் தவறு. அவ்வாறு வெளிவர இயலாது போன ஆயிரவரே அவ்வரலாற்றின் பெரும்பகுதியினர்.

மலையகத்தின் நிலை இதனினும் கடியது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஒழுங்கு செய்யுமாறு தோட்டத் துரைமாரைப் பணித்தது. கல்வி வழங்கும் பொறுப்பு, பிள்ளையின் கல்வியால் உழைப்புப் படையை இழக்கக்கூடியவரிடமே ஒப்படைக்கப்பட்டது. விளைவாக ஓராசிரியர் பாடசாலைகளும், சில வகுப்புகளுடன் முடிந்துபோகும் படிப்புமே எஞ்சின. 1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்டத்தை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் அரசியற் குரலையும் பறித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றல் 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் பின்னரே பரவலாக நிகழ்ந்தது.

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்பி, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டும் தாய்க்குப் பிள்ளையை மடியில் இருத்திப் புத்தகம் வாசிக்கும் நேரம் எது? ஒற்றை லயக் காம்பராவில் வாசிப்புக்கென ஒதுக்கும் மூலை எது? அத்தாயின் பிள்ளை பகல் முழுவதும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவின் பொறுப்பில் வளர்ந்தது. அப்பிள்ளையின் எழுத்தறிவு பற்றிய வினா, தோட்டத்தின் வேலைநேரம், கூலி, குடியிருப்பு ஆகியன பற்றிய வினாவாகவே இருந்தது. இன்றும் பெருமளவு அவ்வாறே உள்ளது.

4

எனினும் எழுத்து இல்லாத வீடு மொழி இல்லாத வீடன்று. எமது ஆய்வாளர் நாட்டார் இலக்கியத்தைத் தொகுத்தும் பகுத்தும் வந்துள்ளனர். ஆயின் அதனைக் குழந்தை எழுத்தறிவோடு தொடர்புபடுத்தி நோக்கியமை குறைவே. தாலாட்டில் ஓசையும் எதுகையும் அடுக்கும் குழந்தையின் செவிக்கு முதலிற் பழகுகின்றன. நொடி போடுதலில், ஒன்றை மற்றொன்றாகக் குறித்து அறியும் பயிற்சி அமைகின்றது; எழுத்தும் அவ்வாறு ஒன்றைக் குறிக்கும் குறியீடே. பாட்டி கூறும் கதையில், கண்முன் இல்லாத மனிதரையும் இடத்தையும் சொற்களால் மட்டுமே கட்டியெழுப்பும் ஆற்றல் பிறக்கின்றது. மலையகத்தின் காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும், மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை பாடப்படும் கோயில் முன்றலிலும், எழுத்தறியாத மக்கள் நீண்ட கதையொன்றைத் தொடர்ந்து கேட்டு, அதன் போக்கை நினைவிற் கொண்டு, மாந்தரின் செயலை விவாதித்தனர். யாழ்ப்பாணத்துப் புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொன்னார். ஏடறியாதாரும் வாசிப்பின் பயனைப் பெற்ற கூட்டு வாசிப்பு அது. முஸ்லிம் வீடுகளில், குர்ஆன் ஓதக் கற்ற அறபெழுத்தைக் கொண்டே அறபுத்தமிழ் நூல்களைப் பெண்கள் வாசித்தனர். பொதுப் பாடசாலைக்கு வெளியே வீட்டளவில் வளர்ந்த பெண் எழுத்தறிவுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சோவியத் உளவியலறிஞர் வைகொட்ஸ்கி (1896-1934), எழுத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு என எடுத்துரைத்தார். குழந்தையின் சைகை, விளையாட்டு, சித்திரம் ஆகியன படிப்படியாகக் குறியீட்டுணர்வை வளர்க்கின்றன என்பதும், எழுத்து அவ்வளர்ச்சியின் தொடர்ச்சியாகவே அமைதல் வேண்டும் என்பதும் அவர் கருத்தாகும். சிரட்டையிற் சோறு சமைத்து, ஈர்க்கில் வண்டி ஓட்டி, மணலிற் கோடு கீறும் எமது பிள்ளை அம்முன்வரலாற்றிலேயே வாழ்கின்றது. அமெரிக்காவின் கரோலினாப் பகுதியில் உழைப்பாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த சேர்லி பிறைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட நூலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒவ்வொரு குடியிருப்பிலும் குழந்தைகள் மொழியைச் செழுமையாகவே கையாண்டனர். ஆயின் நகர மத்தியதர வீட்டின் மொழிப் பழக்கத்தை மட்டுமே பாடசாலை அறிவென ஏற்றுக்கொண்டது என அவர் காட்டினார். குறை வீட்டில் மட்டும் உள்ளதெனக் கொள்ளாது, வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான உறவிலும் அதனைத் தேடுதல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

5

இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் ஏற்படுத்திய மிகப்பெரிய மாற்றம் எழுத்தறிந்த தாய்மாரின் பெருக்கமாகும். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் ஆண்களில் ஏறத்தாழ 70 வீதத்தினரும் பெண்களில் 44 வீதத்தினரும் எழுத்தறிவுடையோராயிருந்தனர். 1981இல் அவை முறையே 91 வீதமாகவும் 83 வீதமாகவும் உயர்ந்தன. ஒரு தலைமுறைக் காலத்துள் வீட்டினுள் நிகழ்ந்த இம்மாற்றம் தனித்தனிப் பெற்றோரின் நல்லெண்ணத்தால் விளைந்ததன்று. அது அரசியற் போராட்டத்தினதும் பொதுச் செலவினதும் விளைவாகும். 1980இல் இலவசப் பாடநூல் வந்தபோது, பல வீடுகளுக்கு அதுவே முதற்புத்தகமாயிற்று.

வீட்டின் முயற்சி பொதுச்சொத்தாக மாறியமைக்கும் எமது வரலாற்றில் உதாரணம் உண்டு. 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டிலேயே தொடங்கிய சிறு நூலகம் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. சிறுவர் பகுதியும் அதில் இடம்பெற்றது. 1981இல் அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளின் இழப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். வீட்டில் ஒரு புத்தகமேனும் இல்லாத சிறுவர் இழந்த புத்தகங்களைப் பற்றிப் பேசியது சொற்பமே. தொடர்ந்த போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் புத்தகங்களை மட்டுமன்றிக் கதை கூறும் முதியோரையும் இழந்தன.

வீட்டின் ஏற்றத்தாழ்வு அண்மையிலும் வெளிப்பட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி முழுவதும் வீட்டின் தலையில் விழுந்தது. கைத்தொலைபேசியும் இணையத் தொடர்பும் உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை அலைவரிசை தேடிக் குன்றேறியது, அல்லது விட்டுவிட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் தாள் இன்மையால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அவ்வேளையில் கதைப் புத்தகம் எத்தனை வீடுகளின் வரவுசெலவுக்குள் அடங்கியிருக்கும்?

6

மேற்கூறியவற்றிலிருந்து பெற்றோர் செய்யக்கூடியன யாவை என்ற வினாவுக்கு வருவோம். வீட்டில் ஏற்கெனவே உள்ளதிலிருந்து தொடங்குதலே முறையாகும். வேலை செய்தவாறே பிள்ளையுடன் கதைத்தலும், அதன் கேள்விக்கு ஓரசைவோடு நிறுத்தாது விடை கூறலும் பணம் வேண்டாதவை. நொடியும் தாலாட்டும் கதையும் நாகரிகமற்றவை என்ற எண்ணத்தைக் கைவிடல் வேண்டும். பாட்டி கூறும் கதையை மூத்த பிள்ளை கொப்பியில் எழுதி, அதனையே இளைய பிள்ளைக்கு வாசித்துக் காட்டுமாயின், அந்த வீட்டின் முதற் கதைப்புத்தகம் அங்கேயே உருவாகிவிடும். எழுத்தறியாத பாட்டியும் அதன் ஆசிரியராவார். அரிசிப் பையிலும் பேருந்துப் பலகையிலும் கடைத் துண்டிலும் உள்ள எழுத்தைச் சுட்டிக்காட்டலாம். பிள்ளை தன் பெயரை மணலில் எழுதட்டும். கிறுக்கினாலும் அது எழுதுகின்றது என்றே கொள்ளல் வேண்டும். கையும் கண்ணும் பழகுமுன் அடித்து எழுதுவித்தலும், நான்கு வயதிலேயே தனியார் வகுப்புக்கு ஓட்டுதலும், வீட்டுமொழியைக் கைவிட்டு அரைகுறை ஆங்கிலத்திற் பேசுதலும் எழுத்தின் மீது அச்சத்தையே விதைப்பன. தந்தையும் இதிற் பங்குகொள்ளல் வேண்டும். தாயின் இரட்டைச் சுமையின் மீது மூன்றாவதாக வாசிப்பையும் ஏற்றுவது முற்போக்கான கல்விக் கருத்தாகாது.

ஆயின் இவற்றுக்கும் நேரம் வேண்டும். நேரமோ கூலியோடும் வேலைநாளோடும் பிணைந்தது. ஆகவே பெற்றோருக்கு ஆலோசனை வழங்கும் ஒவ்வொருவரும் அதனுடன் சில கோரிக்கைகளையும் முன்வைத்தல் கடமையாகும். முன்பள்ளி ஆசிரியைக்கு வாழத்தக்க ஊதியம், கிராமந்தோறும் சிறுவர் நூல்கள் கொண்ட சனசமூக நிலையம், குறைந்த விலையில் நல்ல தமிழ்ச் சிறுவர் நூல், பாடநூலில் மலையகத்தினதும் வன்னியினதும் கிழக்கினதும் பேச்சும் வாழ்வும் என்பன அவற்றுட் சில. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878-1953) யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கிக் கொடுத்தார். தன் வீட்டில் உண்ணும் கூழையும் தோட்டத்தில் நிற்கும் வெருளியையும் எழுத்திற் கண்ட பிள்ளைக்கு, எழுத்து அந்நியமாகத் தோன்றவில்லை. கொழுந்துக் கூடையையும் மலைப்பாதையையும் அவ்வாறே தன் முதற்புத்தகத்திற் காணும் உரிமை தோட்டத்துப் பிள்ளைக்கும் உண்டு.

முதற்கண் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. தாய் மலையில் நிற்கும் பகல் முழுவதும் பிள்ளை இருக்கும் இடம் பிள்ளைக் காம்பராவே. அங்கு ஓர் அலுமாரி நிறையப் படப் புத்தகங்களும், அவற்றை வாசித்துக் காட்டப் பயிற்சியும் உரிய சம்பளமும் பெற்ற ஓர் ஆயாவும் இருத்தல் வேண்டும். மாலையில் வரும் தாய் பிள்ளையுடன் ஒரு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடியதாயிருத்தல் வேண்டும். தாய்க்கு வாசிக்கத் தெரியாவிடின், பகலிற் கேட்ட கதையைப் படங்களைப் பார்த்துப் பிள்ளையே அவளுக்குச் சொல்லும்.